பரம்பரைத் தாமதம்

ராசிபுரத்தில் நான் எழுத்தராக இருந்த அரசு அலுவலகம் காலை பத்து மணிக்குத் தொடங்க வேண்டும் என்று ஆணை இருந்தது. அதில் எங்களில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பதினொரு மணி வாக்கில் ஒவ்வொருவராக வந்து அந்த ஆணையை மதித்தோம். மதிப்பதில் நான் கடைசி ஆள். 1979 ஆகஸ்டில் மட்டும் இருபத்திரண்டு நாள் தாமதம் என்றது வருகைப் பதிவேடு. மீதி நாட்கள் விடுமுறை.

மேலாளர் சுப்பையன் எனக்கு மெமோ கொடுத்தார். ‘தங்களது தொடர் தாமதத்துக்கான காரணத்தை ஏழு தினங்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டியது.’ பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. என் பெயர் மூன்றாவதாக இருந்தது.

வழக்கமாக இதற்கெல்லாம் வயிற்றுவலி என்று எழுதுவார்கள். நான் படித்தவன் இல்லையா? அந்த வாரம்தான் சலூனில் ஒரு விஞ்ஞானக் கட்டுரை படித்திருந்தேன். மனிதனுடைய குணத்தில் பாதி பெற்றோரின் ஜீன்களிலிருந்து வருகிறதாம். மறுபாதி வளரும் சூழ்நிலையிலிருந்து வருகிறதாம். கட்டுரை இன்னும் இரண்டு பக்கம் போனது. எனக்கு அதுவரை போதுமானதாக இருந்தது. பாதி அங்கே, பாதி இங்கே என்றால், கந்தவேலாகிய எனக்கு இதில் என்ன பங்கு?

எழுதினேன்: ‘எனது தாமதம் பரம்பரையானது. என் தகப்பனார், காலஞ்சென்ற செங்கோட்டையன் அவர்களும் எதற்கும் நேரத்துக்குப் போனவரல்லர். ஜீன்களின் செயலுக்கு அடியேன் பொறுப்பல்ல என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’

அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இறந்தவர்மேல் நடவடிக்கை எடுக்க விதியில் இடமில்லை என்று பார்த்துக்கொண்டுதான் எழுதினேன்.

மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கந்தவேலு, இது எந்த விதியில வருது?”

“விஞ்ஞானத்துல வருதுங்க சார்.”

“அது சரி. அதுக்குச் சான்று வேணுமே?”

சான்று கேட்டுத் தாள் எங்கள் ஊருக்குப் போனது. வெண்ணந்தூர் பக்கம் ஒரு கிராமம். ஊர்க் கர்ணம் எங்கள் வாசலில் நின்று, அக்கம்பக்கத்தார் நாலு பேர் கேட்க, “ஏனம்மா ஆத்தாயி, உன்ர ஊட்டுக்காரரு சோம்பேறிதானே? சர்க்கார்ல கேக்கறாங்க” என்று விசாரித்திருக்கிறார்.

மறுநாள் அம்மா முதல் பஸ் ஏறிவிட்டாள். காலை ஏழரைக்கு அலுவலக வாசலில் உட்கார்ந்தவள், பத்தே முக்காலுக்கு மேலாளர் சைக்கிளை நிறுத்தும்போதுதான் எழுந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது.

“ஏனுங்க சாமி, அவரு பொழுது கெளம்பறதுக்கு முந்தியே கெணத்துல மாட்டக் கட்டிக் கவலை பூட்டி நாலு பாத்திக்குத் தண்ணி கட்டிப்போடுவாருங்க. கலியாணத்தன்னைக்கு முகூர்த்தத்துக்கு ரெண்டு நாழி முன்னாலயே மணவறைல வந்து உக்காந்துட்டாருன்னு ஊரே சிரிச்சுது. அந்த மனுசனப் போயி சோம்பேறின்னு எழுதிப்போட்டது யாருங்க?”

“உங்க பையன்தானுங்கம்மா.”

அம்மா திரும்பிப் பார்த்தாள். நான் ஒரு கோப்பை மும்முரமாகப் படித்தேன். கோப்பு தலைகீழாக இருந்தது.

“அதை அடிச்சுப்போடுங்க சாமி.”

“அப்படியெல்லாம் அடிக்க முடியாதுங்க. காலஞ்சென்றவர் தரப்பு விளக்கம் வேணும். அவர் நேரில் ஆஜராக இயலாத நிலையில இருக்கறதால, வாரிசுங்கற முறையில நீங்க மனுக் கொடுங்க.”

அம்மா மனுக் கொடுத்தாள். மனு சேலத்துக்குப் போனது. பதில் கேட்டு ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்தாள். என்னைத் திட்டவில்லை. ஒருநாள் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “ஏஞ்சாமி, அப்பன் பேர எழுதாட்டி வேலை போயிருமா?” என்றாள்.

“வேலை போவாதும்மா. பதவி உயர்வு போயிரும்.”

அவள் காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

முதல் இரண்டு மாதம் முதல் பஸ்ஸில் வந்தாள். தீபாவளிக்குப் பிறகு எட்டரை பஸ். பொங்கல் தாண்டியதும் மாட்டுக்குத் தீனி போட்டு, காட்டை ஒரு நடை பார்த்துவிட்டுப் பத்தரை பஸ்ஸுக்குத்தான் கிளம்பினாள். “வெரசா வந்து என்னப்பா பண்றது? உங்க ஆபீசுல ஈ கூடப் பதினொண்ணுக்குத்தான் வருது” என்றாள்.

மார்ச்சில் சேலத்திலிருந்து விசாரணை அதிகாரி தங்கசாமி வந்தார். விசாரணை பத்து மணிக்கு. அதிகாரியின் ஜீப் பதினொன்று பத்துக்கு வந்தது. அம்மா பதினொன்று இருபதுக்கு வந்தாள்.

“பத்து நிமிஷமாக் காத்துட்டிருக்கேன்” என்று அதிகாரி கடிகாரத்தைக் காட்டினார். பிறகு சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: ‘மனுதாரரான தாயார் விசாரணைக்கு ஒரு மணி இருபது நிமிடம் தாமதமாக வந்தார். ஆகவே எழுத்தரின் தாமதம் பரம்பரையே என்பது ஐயமற நிரூபணமாகிறது. எனினும் அது தந்தைவழி அன்று, தாய்வழி.’

சூழ்நிலை என்கிற மறுபாதி அப்போது என் நாக்கு நுனிவரை வந்தது. முதல் பஸ்ஸில் வந்தவளைப் பத்தரை பஸ்ஸுக்குப் பழக்கியது நாங்கள்தான் என்று சொல்லியிருக்கலாம். பட்டியலில் மூன்றாவது இடம் ஞாபகம் வந்தது. விழுங்கிவிட்டேன்.

மேலாளர் அதைப் படித்துக் காட்டினார். அம்மா கவனமாகக் கேட்டாள்.

“அப்ப, அவரு பேரு?”

“நீங்கிடும்மா.”

“பையனுக்கு?”

“பரம்பரைக்குத் தண்டனை இல்லீங்க. உங்க பையனைத் தப்புச் சொல்ல முடியாது.”

“அப்பறம் என்னுங்க? எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும். எங்கீங்க கைநாட்டு வெக்கோணும்?”

மை டப்பாவைத் திறந்து நீட்டியது நான்தான். அம்மா பெருவிரலை அழுத்தி வைத்தாள். மையைத் தலையில் தேய்த்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

அந்தத் தீர்ப்பு அலுவலகத்தில் பெரும் வரவேற்பைப் பெற்றது. எல்லாருடைய மேஜையிலும் ஒன்றிரண்டு மெமோ கிடந்தது. அடுத்த திங்கட்கிழமை அலுவலக வாசலில் பதினொரு தாய்மார்கள் இருந்தார்கள். மேலாளருடைய தாயாருக்கு எண்பது வயது. முந்தின நாளே வாழப்பாடியிலிருந்து வரவழைத்திருந்தார்.

எல்லாரும் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டதாக எதிர் டீக்கடைக்காரர் சொன்னார். நாங்கள் பதினொரு மணிக்குப் போய், தாமதம் அவர்களிடமிருந்துதான் வந்தது என்று வரிசையாகக் கைநாட்டு வாங்கினோம்.