வகுப்பைக் கேட்டது அப்பா

காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்தும் என்னைப் போன்றவர்கள், தங்களுக்கும் ஒருநாள் காது கேட்காமல் போகலாம் என்று நினைப்பதே இல்லை. எனக்குப் போனது, கொழும்பே பார்த்துக்கொண்டிருந்தபோது.

வேலை ஹட்டனில். எங்கள் தொழிலில் கருவிகள் மாறிக்கொண்டே இருப்பதால் சாகும்வரை படித்தாக வேண்டும். வகுப்பெல்லாம் கொழும்பில். பஸ்ஸில் வாந்தியெடுத்தபடியே போய்ப் படித்து அலுத்து, "வீட்டிலிருந்தே படிக்க வழி செய்யுங்கள்" என்று எங்கள் சங்கத்தை நச்சரித்தேன். கடைசியில், இனி வகுப்புகளை எப்படி நடத்துவது என்று பேச ஒரு சூம் கூட்டம் வைத்து, என்னையே பேசச் சொன்னார்கள். மலையகத்தில் இதே வேலை பார்க்கிற அத்தனை பேரும் என்னை நம்பியிருந்தார்கள். (பாவம்.)

வீடு நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில். அன்று மழையிலும் சிக்னல் கிடைத்தது. (அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.) பட்டுச் சேலையில் போன் முன்னால் உட்கார்ந்தேன். கூட்டத்தை நடத்திய அம்மையார் வாயசைத்தார். சத்தமே வரவில்லை.

"ஹலோ! ஹலோ!" என்று கத்தினேன்.

வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா உள்ளே ஓடிவந்தார். தேயிலைத் தொழிற்சாலை இரைச்சலில் காதைத் தொலைத்தவர். முந்தின நாள்தான் அவருக்குப் புதுக் கருவி மாட்டி, என் போனோடு புளூடூத்தில் இணைத்திருந்தேன்.

"புள்ள, யாரோ ஒரு பொம்பள என் காதுக்குள்ள இங்கிலீசுல பேசுது!"

அப்போதுதான் புரிந்தது. கூட்டத்தின் சத்தம் முழுக்க அப்பாவின் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் பேசுவதோ அங்கே எல்லோருக்கும் கேட்டது.

"என்னப்பா சொல்றாங்க?"

"ஒம் பேரச் சொல்லி ஹலோ ஹலோங்குது."

"எனக்குக் கேக்கலையே!"

"எனக்கு நல்லா கேக்குதே!" என்றவர் போனுக்குள் முகத்தை நுழைத்தார். "வணக்கமுங்க! டீ குடிச்சீங்களா?"

திரையில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. நான் புளூடூத்தை அணைக்கிற பதற்றத்தில் கூட்டத்தையே அணைத்துவிட்டேன். (நோயாளிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு.) மறுபடி உள்ளே நுழைவதற்குள் சிக்னலும் போய்விட்டது.

மாலையில் செய்தி வந்தது: இனியும் வகுப்புகள் கொழும்பில், நேரில்தான். மலையகத்தில் இதற்கெல்லாம் வசதி போதாதாம். டயகமவில் இதே வேலை பார்க்கும் தோழி போனை எடுக்கவே இல்லை. கெஞ்சி வாங்கியதை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று சேலையைக்கூட மாற்றாமல் அழுதேன்.

இன்றும் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். அப்பாவோ எங்கள் லயத்து வீடுகள் முழுக்க, "அந்தக் கிளாஸக் கேட்டது நான்தான். அவளுக்கு ஒரு வார்த்தகூட வெளங்கல" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் கொழும்பில் இருக்கும் நாட்களில், காது வலி என்று வீட்டுக்கு வருகிறவர்களை இப்போது அவர்தான் பார்க்கிறாராம்.