ஜீப்புக்குப் பிளாஸ்டிக் கதவு அனுப்பிய மைத்துனருக்கு

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மைத்துனர் கமலக்கண்ணன் அவர்களுக்கு வீரபாகு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்கா பொன்னம்மாளும் மகள் ராதிகாவும் சாமி புண்ணியத்தில் சௌக்கியம். சென்னையில் நீங்களும் தங்கையும் குழந்தைகளும் கொசுக்கடி தவிர மற்றபடி நலம் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தாலே நீங்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். நன்றி சொல்லும்போது கேட்பவர் சிரித்தால் எனக்குக் கோர்வை விட்டுப்போகிறது. ஆகவே கடிதம்.

முதலில் கதவுக்கு நன்றி. நம் பழைய ஜீப்புக்கு வாங்கிய நாள் முதல் கதவே கிடையாது. மண்ரோட்டில் ஊர் ஊராகப் போய் நெசவாளர்களுக்குப் பட்டும் சரிகையும் கொடுத்து, நெய்த புடவையை வாங்கி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டால் புடவைக்குக் குடை, எனக்குத் துண்டு. உங்கள் வண்டிச் சாமான் கடையிலிருந்து தார்ப்பாயில் கதவு தைத்து அனுப்புங்கள் என்றுதான் கேட்டேன். நீங்களோ உள்ளே இருப்பது அப்படியே தெரிகிற பிளாஸ்டிக்கில், ஜிப் வைத்து அனுப்பினீர்கள். கேட்டதற்கு மேல் செய்வதுதான் உங்கள் குணம். மாட்டிய அன்றே பொன்னம்மாள் வண்டிக்கு வெளியே நின்று காபி நீட்டினாள், உள்ளே இருந்து நான் கையை நீட்டினேன், நடுவில் உங்கள் கதவு. இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு சுத்தமான பிளாஸ்டிக். காபி முழுக்க அவள் மேல். "என் தம்பி அனுப்புன கதவு எவ்ளோ தெளிவா கீது பாரு" என்றாள், முந்தானையைப் பிழிந்துகொண்டே. பிறந்த வீட்டுச் சாமானைக் குறை சொல்லும் பெண் இன்னும் பிறக்கவில்லை.

மறுநாள் வேறு கதை. புது டிசைன் புடவையை வெள்ளைத் துணியில் சுற்றி, பக்கத்துக் கடைக்காரன் கண்ணில் படாமல் கொண்டுவருவது நம் தொழில் வழக்கம். கதவு வந்துவிட்ட தைரியத்தில் நான் சுற்றாமலே சீட்டில் போட்டுவிட்டேன். எனக்குப் போட்டிக் கடைக்காரர் தனசேகரன் கடைத்தெருவில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அண்ணா, அன்னப்பட்சி பார்டர் அமர்க்களமா கீதுண்ணா! முந்தானைய கொஞ்சம் இப்டி திருப்பி வையி, சரியா தெர்ல" என்றார். நானும் ஏதோ ஞாபகத்தில் திருப்பி வைத்தேன். இப்போது அவர் தறியிலும் அன்னப்பட்சி ஏறிவிட்டது. போகட்டும்.

போன வெள்ளிக்கிழமைதான் பெரிய விஷயம். ராதிகாவுக்குத் தெள்ளாரில் ஓர் இடம், தரகர் ஒருவர் கொண்டுவந்திருந்தார். நம்மவர்தான், தறியை விட்டு நிலத்துக்குப் போன குடும்பம், மாப்பிள்ளை ரஞ்சித்குமாருக்கும் நம் ராதிகா மாதிரியே செய்யாறு பக்கம் கம்பெனி வேலை. ஏற்கெனவே வந்த இடங்கள் "பொண்ணு ஜீப்பு ஓட்டுதாமே" என்று கேட்டு நழுவிப் போனதில் உங்கள் அக்காவுக்குச் சரியான தூக்கமில்லை. இதுவும் போனால் தாங்க மாட்டாள். மாப்பிள்ளை வீட்டாரின் குலதெய்வக் கோயிலில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. பொன்னம்மாள் இரண்டு உத்தரவு போட்டாள். பூ வைத்து முடிகிற வரை தெருவுக்கு விஷயம் தெரியக் கூடாது. ராதிகா ஸ்டியரிங் பக்கமே திரும்பாமல் பின் சீட்டில் அடக்கமாக உட்கார வேண்டும்.

வண்டி கிளம்புமுன்பே எதிர்வீட்டு ஸ்வர்ணலதா கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். "இன்னாக்கா, பொண்ணுக்குப் பட்டு கட்டி, பழத்தட்டு வச்சிகினு எங்க போறீங்க?" குலதெய்வக் கோயிலுக்கு என்றாள் பொன்னம்மாள். "உங்க கொலசாமி கண்ணமங்கலம் பக்கமாச்சே, வண்டி பெரணமல்லூர் ரோட்ல திரும்பிகினு கீதே?" அதற்குள் தெருவே வாசலில் நின்று கையசைத்தது.

பெரணமல்லூர் தாண்டியதும் நல்ல மழை. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை, அதற்கும் நன்றி. கோயிலுக்கு வயல்வழி. இடப்பக்கம் போனால் சீக்கிரம் போகலாம் என்று ராதிகா சொன்னாள், திருப்பினேன், சக்கரம் சேற்றில் புதைந்தது. நான் மிதிக்க மிதிக்க வண்டி கீழே போனது. நல்ல நேரம் வேறு போய்க்கொண்டிருந்தது. "யாரும் பாக்கல, ஜல்தியா எடுடி" என்று பொன்னம்மாளே உத்தரவை மாற்றினாள். ஜிப்பை இழுத்து மூடினோம். மூடினால் மறைந்துவிட்டோம் என்று நினைப்பு, தார்ப்பாய் கேட்ட புத்தி! ராதிகா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்து, கியரைத் தட்டி, முன்னே பின்னே ஆட்டி, வண்டியைக் கரையேற்றினாள். நான் தேங்காய்த் தட்டைக் கட்டிக்கொண்டு தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது வரப்பில் குடையோடு நின்ற ஒருவர் வந்து கதவைத் தட்டினார்.

"நான்தாங்க தனக்கோடி, பையனோட அப்பா. ரொம்ப நேரமா பாத்துகினுதான் நிக்கிறேன்."

பொன்னம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் சிரித்தார். "எங்க ஊட்ல டிராக்டர் கீது, டெம்போ கீது, ஓட்ட ஆள் தேடியே பேஜாருங்க. பையனுக்கு சைக்கிள தவிர ஒன்னும் வராது. வாங்க, மொதல்ல பூவ வச்சிடலாம்."

கண் கலங்கிவிட்டது மச்சான். தார்ப்பாயாக இருந்தால் பெண்ணை மறைத்தே கொடுத்திருப்போம். என் பெண்ணை என் பெண்ணாகவே பிடித்துப்போனது உங்கள் கதவால்தான். இந்த நன்றியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தை மாதம் கல்யாணம். தாய்மாமன் நீங்கள் முன்னதாகவே வந்து நின்று நடத்த வேண்டும். உங்களுக்கென்றே ஒரு பட்டு வேட்டி தறியில் ஏற்றியிருக்கிறேன். தங்கைக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். குடும்பம் தழைத்து நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள
வீரபாகு

பி.கு.: கவரை ஒட்டுமுன் பிழை பார்க்க ராதிகாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மாப்பிள்ளையும் அவளும் செய்யாறுக்கு வேலைக்குப் போவது ஒரே கம்பெனி பஸ்ஸிலாம், ரொம்ப நாளாக. தரகரை அனுப்பியது நீயாம். "உள்ள தெரியற கதவா அனுப்பு மாமான்னு நான்தாம்பா சொன்னேன். அவங்க அப்பாவ வரப்பாண்ட நிக்க வச்சது அவரு" என்கிறாள். அடேய் கமலக்கண்ணா! மேலே எழுதிய நன்றி அத்தனையும் ரத்து. வேட்டியைத் தறியிலிருந்து இறக்கச் சொல்லப்போகிறேன். பொன்னம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கும் முன்பே தெரியும் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.