யாராபின் கவுன்சிலின் நாற்பது சாவிகள்

யாராபின் வட்டாரக் கவுன்சிலுக்கு ஒழுங்கு வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். கவுன்சில் செலவில் மெல்பர்ன் போய், அலுவலகச் சீரமைப்பு மாநாட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுத் திரும்பிய நிர்வாக அதிகாரி கிரெய்க் ஹோலிஸ், கைக்கு அடக்கமான ஒரு லேபிள் மெஷினைப் பையிலிருந்து எடுத்தார். எழுத்தைத் தட்டினால் நாக்கை நீட்டுவதுபோல் அது வெள்ளைப் பட்டையை நீட்டும். நறுக்கி ஒட்ட வேண்டியதுதான்.

மாலைக்குள் கதவில் 'கதவு' என்று ஒட்டியாயிற்று. ஜன்னலில் 'ஜன்னல்'. முன்மேஜையில் நாய் லைசென்ஸும் வீட்டு வரியும் வாங்கும் நொயலீன் ஸ்டெயின்ஸ் எழுந்து பார்த்தால், அவள் நாற்காலியில் 'நாற்காலி'. இத்தனை வருஷமாக எதன்மேல் உட்கார்ந்திருந்தோம் என்ற சந்தேகம் அவளுக்கு அன்றோடு தீர்ந்தது.

அடுத்து கிரெய்க்கின் பார்வை சாவிப் பலகைமேல் விழுந்தது. கவுன்சிலின் எல்லாப் பூட்டுகளும் மொத்த விலையில் ஒரே கடையில் வாங்கியவை. நாற்பது சாவியும் கூடப்பிறந்தவை மாதிரி இருக்கும். அடையாளத்துக்கு ஆளாளுக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். சிவப்பு ரிப்பன், தீயணைப்பு வண்டி நிற்கும் ஷெட்டு.

"சிவப்புன்னா வண்டி ஷெட்டுன்னு ஊருக்கே தெரியுது. பாதுகாப்பு என்னாகறது?" என்றார் கிரெய்க்.

"ஊருக்குத் தெரியணும்னுதானே கட்டினோம்?" என்றாள் நொயலீன்.

"திருடன் கையில கிடைச்சா?"

"தீயணைப்பு வண்டியைத் திருடி என்ன பண்ணுவான்? தீயை அணைப்பான்."

"நொயலீன், இது கொள்கை முடிவு. விளையாடாதீங்க."

எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பதைச் சாவிமேலுள்ள சீட்டு எக்காரணம் கொண்டும் வெளிப்படுத்தலாகாது என்று சுற்றறிக்கை வந்தது. ரிப்பன்களை வெட்டி, 'குப்பை' என்று ஒட்டிய தொட்டியில் போட்டார்கள். நாற்பதிலும் 'சாவி' என்று ஒட்டி, பலகையில் அழகாக வரிசை மாற்றி மாட்டினார்கள். ஷெட்டுச் சாவியில் மட்டும் ஒரு கீறல் போட்டுவைக்கலாமே என்று நொயலீன் நினைத்தாள். அவளும் தீயணைப்புத் தொண்டர்தான். ஆனால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போய்விட்டாள்.

அங்கே கோடை உச்சமான ஜனவரியில், வடக்கேயிருந்து அனல் காற்று அடித்த ஒரு மத்தியானம். தொண்டர் படைத் தலைவரும் ஆட்டுப் பண்ணைக்காரருமான மெர்வ் தொப்பிகூட இல்லாமல் ஓடிவந்தார்.

"ஷெட்டுச் சாவி குடும்மா, சீக்கிரம்!"

நொயலீன் திரும்பிப் பார்த்தாள். "எல்லாமே சாவிதான், மெர்வ். நீயே படிச்சுப் பாரு."

"படிக்கிற நேரமா இது? கல்மேட்டுல புல்லு பத்திக்கிச்சு! உன் வீட்டுப் பக்கம்!"

அவள் சாவிப் பலகைக்குப் பாய்ந்தாள். வீட்டுக்குப் பின்னால் கண் தெரியாத கிழட்டுக் குதிரை ஒன்று கட்டிக் கிடந்தது.

"ஒவ்வொரு சாவிக்கும் தனித்தனியா கையெழுத்துப் போடணும்," என்று கிரெய்க் குறுக்கே வந்தார்.

"தள்ளுங்க, இல்லேன்னா உங்க நெத்தியில 'கிரெய்க்'குன்னு ஒட்டிருவேன்!" என்று நாற்பதையும் வாளியில் வாரிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

ஷெட்டு வாசலில் ஒரு சாவியை நுழைத்தாள். திறக்கவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. அவசரத்தில் வாளி கவிழ்ந்தது. மெர்வ் தன் பண்ணை வண்டியைப் பின்னுக்கு எடுத்து, இரும்புக் கம்பி முகப்பால் கதவை ஒரே மோது மோதினார். கதவு பிளந்ததும் தீயணைப்பு வண்டி கிளம்பியது.

வீடு தப்பியது. குதிரை வால் பொசுங்கி நின்றது. கோழிக் கூண்டு சாம்பல். ஒவ்வொரு கோழிக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள். எதன்மேலும் ஒட்டாமலே அவளுக்கு அடையாளம் தெரியும். கூண்டு இருந்த இடத்தில் உட்கார்ந்து நொயலீன் அழுதாள்.

விசாரணைக் குழு கூடியது. சாவிகள் அனைத்திலும் விதிப்படி சீட்டு ஒட்டப்பட்டிருந்தமையால் சாவிகளின்மீது குற்றமில்லை என்றும், கதவில் 'மோதாதீர்' என்று ஒட்டப்படாமையே சேதத்துக்குக் காரணம் என்றும் அது கண்டறிந்தது. பொதுக்கூட்டத்தில் ஊரே எழுந்து கத்தியது. இனி ஊரிலுள்ள ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு லேபிள் மெஷின் இலவசம் என்று கிரெய்க் அறிவித்ததும், கத்திய ஊரே கைதட்டியது. கிரெய்க்குக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

மெர்வ் மட்டும் உருப்படியாக ஒன்று செய்தார். புதுக் கதவின் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, சிவப்பு ரிப்பன் கட்டிய சாவியை அதில் மாட்டிவைத்தார்.

ஒரு சனிக்கிழமை வண்டி கழுவ வந்த நொயலீன் அந்த ஆணிக்குக் கீழே வெள்ளைப் பட்டை ஒன்றைப் பார்த்தாள். 'ஆணி'.

"அந்த ஆளு இங்கேயும் வந்துட்டானா!" என்று கத்தினாள்.

மெர்வ் இருமினார். அவர் கழுத்து சிவந்தது. அவருக்குப் பின்னால் வண்டியின் ஒவ்வொரு சக்கரத்திலும் 'சக்கரம்'.

"நான்தாம்மா. நம்ம படைக்குக் குடுத்த மெஷின் சும்மாதானே கிடந்துச்சு... பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

நொயலீன் அவரை எரித்துவிடுவதுபோல் முறைத்தாள். பிறகு அந்தப் பட்டையை நகத்தால் சுரண்டி உரித்தாள்.

"குடு அந்த மெஷினை," என்று கையை நீட்டினாள். "கோணலா ஒட்டியிருக்கே."