மச்சானை முந்த வேண்டிய கார்

"எவன்டா என்ற காரத் தொட்டது?"

அந்தக் குரலுக்குப் பெருமாநல்லூர் பனியன் கம்பெனியே நின்றுவிட்டது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. முதலாளி செந்தில்வேல் கையில் ரிமோட்டோடு ஆபீஸ் வாசலில் நின்றார். காலடியில் அவருடைய சிவப்பு ரேஸ் கார். ரிமோட்டை அழுத்தினால் சக்கரம் ஒரு உதறு உதறியது, கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அதோடு சரி.

யாரும் தொடவில்லை. ஐம்பது வயது முதலாளி விளையாடும் பொம்மையைத் தொட அங்கே யாருக்கும் தைரியம் கிடையாது. அதைப் பொம்மை என்று சொல்லவே தைரியம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். எதிரி, மனைவி சாரதாமணியின் அண்ணன் தங்கராஜ். அவிநாசியில் நிட்டிங் கம்பெனி வைத்திருப்பவர், இதே மாதிரிக் கார் ஒன்றும் வைத்திருப்பவர். பொங்கலுக்கு நடந்த பந்தயத்தில் தங்கராஜ் ஜெயித்தார். ஜெயித்தவர் சும்மா இருக்கவில்லை. போகிற விசேஷத்தில் எல்லாம், "எங்க மாப்பிள்ளைக்கு வளைவுல திருப்பத் தெரியாதுங்க" என்று பந்தியில் உட்கார்ந்து சொன்னார். செந்தில்வேல் ஆடி வரைக்கும் மச்சானோடு பேசவில்லை. மகள் அனுப்பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதால் பெரியவர்கள் நடுவில் புகுந்து பேச வைத்தார்கள். பேச ஆரம்பித்ததும் இருவரும் பேசிய முதல் விஷயம், மறுபந்தயம். அதுவும் கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு.

"ஏனுங்க, கல்யாணம் முடிஞ்சு வெச்சுக்கலாமல்லங்க?" என்று சாரதாமணி கேட்டுத்தான் பார்த்தாள். "எங்கண்ணன் தோத்துப்போயிக் கோவிச்சுக்கிட்டா, தாய்மாமன் சீரு யாருங்க செய்வாங்க? மேடையில புள்ளைய அனாதையாட்டம் நிறுத்தறதுங்களா?"

"மண்டபத்துல நான் ஜெயிச்சவனாத்தான் நிக்கோணும்! உங்கண்ணன் பந்தியில வாயத் தொறக்கக் கூடாது!"

அவள் மேஜைமேல் இருந்த காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இப்போது செந்தில்வேல் அந்தக் காரைக் குப்புறக் கவிழ்த்தார். திருப்பூர்ப் பக்கத்தில் எது கெட்டாலும் முதல் வைத்தியம் ஒன்றுதான். கம்ப்ரசர் காற்றால் ஊதுவது. மெஷின், மின்விசிறி, சட்டைக் காலர், சாப்பாட்டுப் பை, எதில் பஞ்சு படிந்தாலும் ஊதல்தான். அவரும் ஏர் கன்னை எடுத்துக் கோபம் தீர ஊதினார். பிறகு ரிமோட்டை அழுத்தினார். இப்போது சக்கரம் உதறவும் இல்லை, விளக்கும் எரியவில்லை.

அவரும் மச்சானும் கார் வாங்கிய கோயமுத்தூர்க் கடைக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் கேட்ட கடைக்காரர், "ஸ்பீடு கன்ட்ரோலர் போயிருக்கும் சார். மோட்டாருக்குக் கரண்ட அளந்து கொடுக்கற சின்னப் பொட்டி. தொறந்து போட்டோ அனுப்புங்க" என்றார்.

அனுப்பினார்.

"சார், உள்ள பச்சையாப் பூத்திருக்கு. தண்ணி எறங்கியிருக்கு. தண்ணிக்கு வாரன்டி கிடையாது."

"தண்ணியா? என்ற காரு என்ன எருமையா, குட்டையில எறக்கிக் குளுப்பாட்ட? மட்டமான சரக்க வித்துப்போட்டு நேக்காப் பேசறீங்களா?"

கத்தி முடித்தபோது அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கம்பெனிக்குப் பின்னாலேயே வீடு. சத்தம் கேட்டு சாரதாமணி மோர் கொண்டுவந்தாள்.

"குடிங்க. நீங்கதானுங்களே தெனமும் கம்ப்ரசர்ல ஊதறீங்க? அந்தக் காத்துல தண்ணி சிந்துமுன்னு சொல்லுவாங்களல்லங்க?"

செந்தில்வேலுக்குப் பொறி தட்டியது. கம்ப்ரசர் டேங்கில் சேரும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டியது கம்பெனி எலக்ட்ரீசியன் குணாவின் வேலை.

"குணா!"

குணா வந்தான். மெஷின்களுக்கு நடுவே நிற்க வைத்து அவர் கொடுத்த வசவில் அவன் முகம் துவண்டுபோயிற்று. தினமும் திறந்துவிடுவதாக அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பாவம், வாங்கிய திட்டுக்குப் பரிகாரமாக, "புதுசு வந்தா நானே மாட்டித் தர்றனுங்க" என்றான்.

மறுநாள் கோயமுத்தூர் பஸ்ஸில், கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய புதுக் கன்ட்ரோலர் வந்து சேர்ந்தது. குணா ஒயர்களைப் பற்றவைத்தான். செந்தில்வேல் தலைக்குமேலேயே நின்று, "சீக்கிரம்... அங்க இல்ல... கையா அது, உலக்கையா?" என்று அர்ச்சனை செய்தார். பயத்தில் சிவப்பு ஒயர் கறுப்பின் இடத்துக்கும், கறுப்பு சிவப்பின் இடத்துக்கும் போனது. பேட்டரியைச் சொருகியதும் டப்பென்றது. புகை வந்தது.

காரோடு வந்த விளக்கப் புத்தகத்தைக் குணாவின் மேல் வீசினார். குணா குனிந்தான். புத்தகம் ஜன்னல் வழியாகப் பறந்து சாக்கடையில் விழுந்தது.

"இனி ஒருத்தனும் வேண்டாம். நானே மாட்டறேன்!"

"உட்டுடலாமுங்க" என்றாள் சாரதாமணி மெதுவாக. "காரு கெட்டுப்போச்சுன்னு சொன்னா அண்ணன் ஒண்ணும் நெனைக்கமாட்டாங்க."

"நெனைக்கமாட்டானா? பயந்துட்டான்னு பந்தி பந்தியாச் சொல்லுவான்!"

சனிக்கிழமை, மூன்றாவது கன்ட்ரோலரை வாங்கக் கோயமுத்தூருக்கே தன் பெரிய காரை ஓட்டிக்கொண்டு போனார். கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வாங்கினார், மறுநாள் காலையில் அவரே மாட்டினார். ஒயர்கள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் ரிமோட்டின் விசையைக் கன்ட்ரோலருக்குப் பழக்கும்போது, எதை முதலில் அழுத்த வேண்டும் என்பது சாக்கடையில் கிடந்த புத்தகத்துக்கு மட்டுமே தெரியும். அவர் ஆத்திரத்தில் ஏதோ ஒன்றை அழுத்தினார்.

கார் கிளம்பியது, பின்பக்கமாக. முன்னால் போகச் சொன்னால் அசையாமல் நின்றது. பின்னால் போகச் சொன்னால் பறந்தது. ரோஜாத் தொட்டி உடைந்தது. செந்தில்வேல் பல்லைக் கடித்தார். கடைக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, எடுக்கவில்லை.

"போவுட்டும். பின்னாலயே ஓட்டி ஜெயிக்கறேன். உங்கண்ணனுக்கு அது இன்னும் அவமானம்!"

சாரதாமணி காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் வாடிப்போயிருந்தது. தனக்குத் தோல்வி வந்துவிடுமோ என்றுதான் மனைவி வருந்துகிறாள் என்று செந்தில்வேல் நெகிழ்ந்தார்.

அவிநாசியில், தங்கராஜின் நிட்டிங் கம்பெனிக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்கு மனைவியோடு பெரிய காரில் போய் இறங்கியதும் ஒரு கர்ஜனை கேட்டது.

"த்தூ! இதெல்லாம் ஒரு காரா?"

தங்கராஜ்தான். அவருடைய நீலக் கார் மண்ணில் செத்துக் கிடந்தது. மேல் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மாப்பிள்ளை, நேத்துல இருந்து அசையமாட்டீங்குது. ஸ்பீடு கன்ட்ரோலர் போயிருச்சாம். தண்ணி பூந்துருச்சுங்கறான் கடைக்காரன்!"

"உங்ககிட்டயும் அதையேவா சொன்னான்?" செந்தில்வேலின் கண் சிவந்தது. "திருட்டுப் பய, மச்சான்! எல்லாத்துக்கும் தண்ணின்னு ஒரே பாட்டு. நம்ம ரெண்டு பேரையும் கேனையனாக்கிட்டான்!"

"உடக்கூடாது மாப்பிள்ளை. நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து போயி அவங் கடை வாசல்லயே நிக்கலாம்."

"நிக்கலாமுங்க மச்சான்!"

பொங்கலுக்குப் பிறகு முதல் முறையாக இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டார்கள். ஒருவர் விட்ட வசவை மற்றவர் பிடித்து முடித்தார். இத்தனை நாள் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த கோபம் முழுவதும் கோயமுத்தூர் திசையில் திரும்பிவிட்டது. செந்தில்வேலுக்கு மனசு லேசானது. கல்யாண மேடையில் மச்சான் சீர்த்தட்டோடு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. சாரதாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள்.

பெண்கள் காபி பிளாஸ்க்கோடு பெரிய காரின் மறுபக்கம் நின்றிருந்தார்கள். அவர் காரைச் சுற்றிக்கொண்டு போனபோது, தங்கராஜின் மனைவி வேலாத்தாள் குரலைத் தாழ்த்திச் சாரதாமணியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"ஏனம்மிணி, நானு தண்ணியில கல்லுப்பக் கரைச்சு ஊத்துனேன், ஒரேடியாப் படுத்துருச்சு. நீயி வெறுந்தண்ணியவா ஊத்துன?"