வருடத்தோடு வருகிறவர்

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று.

யாராவது பேச்சை இப்படித் தொடங்கினால், வாசகரே, கையில் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னால் நிற்பவர் வருடக்காரர் என்னும் இனத்தைச் சேர்ந்தவர். இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. மின்சார ரயிலில் எதிரே உட்கார்ந்து ஜன்னல் கம்பியைத் தட்டிப் பார்க்கிறவர், கல்யாணப் பந்தியில் எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து அடியைப் படிக்கிறவர், பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றுகொண்டு, கீழே இருட்டில் காத்திருக்கும் குடும்பத்துக்குப் பல்பின் ஜாதகத்தை வாசிக்கிறவர், எல்லாரும் ஒரே கூட்டம். இவர்கள் பொய் சொல்வதில்லை. அதுதான் தொல்லை. பொய்யாக இருந்தால் எழுந்து போய்விடலாமே?

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் இந்த இனத்துக்கு ஜெகதீஸ்வரன் என்று பெயர். பொன்னேரியில் ஒரு மோட்டார் பம்பு கடையில் விற்பனையாளர். பம்பு வாங்க வருகிறவர்கள் பம்பு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு, பம்பு வாங்காமல் போவார்கள். அப்படியும் முதலாளி ஏன் இவரை வைத்திருக்கிறார்? விற்ற பம்பு ஓடவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களை இவரிடம் அனுப்பிவிடுவார். கால் மணி நேரம் கழித்து அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே, கெட்டுப்போன பம்பைத் தாங்களே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். எதற்காக வந்தோம் என்பது பாதி வழியில், திருப்பாலைவனம் தாண்டும்போதுதான் நினைவுக்கு வரும்.

வருடக்காரருக்குப் பேச ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருள் எப்போதும் உங்கள் கையில்தான் இருக்கும். "அத்த கொஞ்சம் குடு" என்று வாங்கிக்கொள்வார். ஒருநாள் காலை டீக்கடையில் மாஸ்டர் பால் டப்பாவைத் திறக்கப் போனார். ஜெகதீஸ்வரன் கை நீண்டது.

"தகர டப்பா ஆயிரத்து எண்ணூத்திப் பத்துல வந்துச்சி. தொறக்கிற கருவி எப்ப வந்துச்சி சொல்லு?"

"அதே வருஷம்தான் வந்திருக்கும்."

"ஏறக்குறைய அம்பது வருஷம் கழிச்சி. நெறைய பேருக்குத் தெரியாது."

"அதுவரைக்கும் எப்படிய்யா தொறந்தாங்கோ?"

"உளியும் சுத்தியும்."

கடையே அந்த ஐம்பது வருடப் பசியைக் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றது. டீ மட்டும் யாருக்கும் வரவில்லை.

வீட்டில் இன்னும் மோசம். குக்கரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் மனைவி இருசம்மாள் குழாயடிக்குப் போனார். திரும்பி வரும்போது ஜெகதீஸ்வரன் மகள் அர்ச்சனாவிடம், எலும்பை வேகவைக்க ஒரு பிரெஞ்சுக்காரர் ஆயிரத்து அறுநூற்று எழுபத்தொன்பதில் இப்படி ஒரு மூடி போட்ட பானை செய்ததையும், அது வெடிக்காமல் இருக்க அவரே ஒரு வால்வு வைத்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். சோறு கஞ்சியாகி, கஞ்சி பசையாகிக்கொண்டிருந்தது.

"நைனா விசிலையே எண்ணலம்மா" என்றாள் மகள்.

"எனக்கு ஆயிரத்து அறுநூறெல்லாம் வாணாம்யா" என்றார் இருசம்மாள். "மூணு. மூணு வரைக்கும் எண்ணத் தெரியுமா உனக்கு?"

துக்க வீடு மட்டும் விலக்கா என்ன? பக்கத்து வீட்டுச் சூசையம்மாளின் மாமனார் இறந்தபோது உடலை வைக்கக் குளிரூட்டும் கண்ணாடிப் பெட்டி வாடகைக்கு வந்தது. ஜெகதீஸ்வரன் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தக் காலத்தில் ஐஸ் அமெரிக்காவிலிருந்து மரத்தூளில் பொதிந்து கப்பலில் வந்தது, அதற்கென்றே ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டில் மெட்ராசில் கட்டடம் கட்டினார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் தணிந்த குரலில்தான் சொன்னார். சூசையம்மாள் அழுகையை நிறுத்தினார்.

"அம்மாந்தூரம் உருகாமயா வந்துச்சி?"

"கொஞ்சம் உருகிடும்மா. மீதியத்தான் வித்தாங்கோ."

"அப்படியா" என்ற சூசையம்மாள், விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தார்.

இவ்வளவும் பக்கத்திலிருந்து பார்த்தவன் எல்லப்பன். இருசம்மாளின் தம்பி, ஏரியில் வலை கட்டுகிறவன். பார்த்தும் அவனுக்குப் புத்தி வரவில்லை. தன்னுடைய பாடு வந்த நாளில் மாமாவைப் படகில் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தான்.

பாடு என்றால் முறை. இறால் ஓடும் நல்ல இடங்கள் ஏரியில் சிலதான் என்பதால், யார் என்றைக்கு எங்கே வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு வரிசை வைத்திருக்கிறார்கள். உங்கள் பாடு தவறினால் வரிசை முழுக்கச் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம் எல்லாரும் ஆசைப்படுவது. போன முறை எல்லப்பனுக்கு அது கிடைத்த நாளில் புயல் எச்சரிக்கை. இந்த முறையும் போனால் வீட்டில் முகம் காட்ட முடியாது. அந்தக் குப்பத்தில் ஒரு விதியும் உண்டு. ஏரித் தண்ணீர் கடலைப் பார்த்துத் திரும்புவதற்குள் பாடு உள்ளவன் முதல் கம்பை நட்டுவிட வேண்டும். திரும்பிய பிறகும் இடம் காலியாக இருந்தால் அடுத்த வரிசைக்காரரும் நடலாம். யார் கம்பு முதலில் நிற்கிறதோ, இடம் அவருக்கு. அடுத்த வரிசைக்காரர் மாசிலாமணி. மதியத்திலிருந்தே தன் படகோடு அங்கே போய்க் காத்திருந்தார்.

எல்லப்பனின் கூட்டாளி சிவசங்கருக்கு அன்று காய்ச்சல். கடைக்கு விடுமுறை என்பதால் வீட்டில் இருந்த மாமாதான் கைக்கு எட்டிய ஆள். "கம்பு பிடிக்கத்தானே, நான் வரேன்" என்றார். வலை ஏறியாயிற்று, கம்புகள் ஏறியாயிற்று. இன்ஜினுக்கு ஊற்ற எல்லப்பன் டீசல் கேனோடு வந்தான்.

"கையில இன்னா எல்லப்பா?"

"டீசல் மாமா. வழிய வுடு."

"அதுக்கு ஏன் டீசல்னு பேரு?"

பேசாமல் படகில் ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எல்லப்பனும் மனிதன்தானே. "ஏன்?" என்று கேட்டுவிட்டான்.

"அது ஒரு ஆளு பேரு. ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தி மூணு. அத்த கொஞ்சம் குடு." கேன் கை மாறியது. "நீ பெட்ரோல் வண்டி பாத்திருக்க, பிளக்கு இருக்கும், பொறி வரும். இதுல பொறியே கெடையாது. சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்போட அடி சுடுதா இல்லியா? காத்த அமுக்கினா சூடு. அந்தச் சூட்டுலயே எண்ணெ பத்திக்கும்." அமுக்குவது எப்படி என்று காட்ட இரண்டு கையும் தேவைப்பட்டது. கேனை மணலில் வைத்தார். வலது முஷ்டி இடது உள்ளங்கைக்குள் ஏறி இறங்கியது. எல்லப்பன் வாயைத் திறந்தபடி கேட்டான். தினமும் காலால் உதைத்துத் திட்டுகிற இன்ஜினுக்குள் இப்படி ஒரு காரியம் நடக்கிறதா? கேட்டுக்கொண்டே படகைத் தள்ளினான், கேட்டுக்கொண்டே இன்ஜினைக் கிளப்பினான். பாதி ஏரியில் இன்ஜின் இருமி, இன்னொரு தரம் இருமி, நின்றது.

எல்லப்பன் டாங்கைத் திறந்து பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான். பிறகு இருவரும் கரையைப் பார்த்தார்கள். மஞ்சள் கேன் மணலில் பளிச்சென்று தெரிந்தது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துல பாரிஸ்ல ஒரு கண்காட்சி" என்றார் ஜெகதீஸ்வரன் மெதுவாக. "அங்க இதே மாதிரி இன்ஜின கடலை எண்ணெயிலயே ஓட்டிக் காட்னாங்கோ."

"நம்மகிட்ட கடலையும் இல்ல, எண்ணெயும் இல்ல மாமா. எறங்கு."

பழவேற்காடு ஏரியில் இது ஒரு சௌகரியம். நடு ஏரியிலும் பல இடங்களில் இடுப்பளவுதான் தண்ணீர். இருவரும் இறங்கிச் சேற்றில் கால் புதையப் புதையப் படகைத் தள்ளினார்கள். மாமா வாயைத் திறக்கும்போதெல்லாம் எல்லப்பன், "தள்ளு" என்றான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு படகுக்காரர் சும்மா போகாமல், "இன்னா எல்லப்பா, மாமனுக்கு ஏரியச் சுத்திக் காட்டறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாசிலாமணி தண்ணீரில் கம்போடு நின்றிருந்தார். பார்வை முழுக்கத் தண்ணீரின் மேல் மிதக்கும் நுரையில். நுரை அசையாமல் நின்றது. எந்த நொடியும் கடல் பக்கம் நகரலாம். எல்லப்பனுக்கு மூச்சு வாங்கியது. வலையைப் பிரித்து, கம்பைக் கயிற்றிலிருந்து உருவி எடுப்பதற்குள் மாசிலாமணி நட்டுவிடுவார். அவர் கம்பை ஊன்றி எழுப்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"ஏன்யா தள்ளிக்கினு வர்றீங்கோ?" என்றார் மாசிலாமணி, நுரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"டீசல் இல்ல" என்றார் ஜெகதீஸ்வரன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இனம் விடுமா? "டீசல்ன்றது ஒரு ஆளு பேரு. நெறைய பேருக்குத் தெரியாது."

மாசிலாமணியின் கண் நுரையை விட்டு ஒரு விநாடி மேலே வந்தது. "இன்னாது, ஆளு பேரா?"

அந்தக் கண்ணை எல்லப்பன் அடையாளம் கண்டுகொண்டான். கரையில் சற்றுமுன் தன் முகத்தில் இருந்த கண் அது. துக்க வீட்டில் சூசையம்மாளின் கண் அது. அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவன் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

"மாமா, மொதல்லேர்ந்து சொல்லு. வருஷத்தோட."

ஜெகதீஸ்வரனுக்கு வாழ்க்கையில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவர் முகம் மலர்ந்தது. "ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தி மூணு" என்றார். "பிஸ்டன் எப்படிப் போவுதுன்னு காட்றேன், அத்த கொஞ்சம் குடு."

மாசிலாமணி கம்பைக் கொடுத்தார்.

கம்பு பிஸ்டனாகி ஏறி இறங்கியது. காற்று அமுங்கியது, சூடேறியது. முதல் இன்ஜினைச் சோதித்த நாளில் மேலே வைத்திருந்த கருவி வெடித்துப் பறந்தது. "ஆளு செத்தானா?" என்றார் மாசிலாமணி. "தப்பிச்சிட்டான், கேளு." பாரிஸ் வந்தது. "கடலை எண்ணெயிலயா?" "கடலை எண்ணெயிலதான்." மாசிலாமணி தன் படகையும் இன்ஜினையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். இருவர் முதுகுக்குப் பின்னால் எல்லப்பன் முதல் கம்பை நட்டான், இரண்டாவதை நட்டான், வலையைக் கட்டத் தொடங்கினான். சத்தமே இல்லை.

"அப்பால?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்திப் பதிமூணு. இங்கிலாந்துக்குப் போறதுக்குக் கப்பல்ல ஏறினான். நல்லா சாப்ட்டான். படுக்கப் போனான். விடிஞ்சி பாத்தா ரூமு காலி. படுக்கை கசங்கவே இல்ல. கோட்டும் தொப்பியும் மேல்தட்டுல மடிச்சி வெச்சிக்கீது. ஆள மட்டும் காணோம்."

"கடல்ல உழுந்துட்டானா? இல்ல, யார்னா தள்ளிட்டாங்களா?"

"மாமா, கயித்தப் புடி" என்றான் எல்லப்பன்.

மாசிலாமணி அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். கம்புகள் வரிசையாக நின்றன. வலை நீரோட்டத்தில் உப்பத் தொடங்கியிருந்தது.

"யோவ், தண்ணி எப்பய்யா திரும்புச்சி?"

"நீ பாரிஸ்ல இருக்கும்போது" என்றான் எல்லப்பன்.

மாசிலாமணி திட்டினார். ஜெகதீஸ்வரன் கையிலிருந்த தன் கம்பைப் பிடுங்கிக்கொண்டு, படகில் ஏறி, இன்ஜினைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போனவர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கத்தினார். "யோவ் ஜெகதீசு, அப்பால இன்னாய்யா ஆச்சி அவனுக்கு?"

கயிறு பிடித்திருந்த ஜெகதீஸ்வரனுக்கு அது காதில் விழவில்லை. விடியும்வரை வலையில் விழுந்த இறாலைப் பற்றி நான் சொல்வதைவிட மறுநாள் எல்லப்பனின் நடையைப் பார்த்தவர்கள் சொல்லலாம். இருசம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கேன இங்க வுட்டுட்டுப் போனது யாரு?" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள்.

இப்போது உங்களிடம் வருகிறேன், வாசகரே. இவ்வளவு நேரம் ஜெகதீஸ்வரனைப் பார்த்துச் சிரித்தீர்கள். சரி. கப்பலில் ஏறியவர் என்ன ஆனார் என்று உங்களுக்கும் ஒரு அரிப்பு இருக்கிறதா? போனை எடுத்துத் தேடலாமா என்று கை போகிறதா? போகட்டும், அது மாசிலாமணி நிலை, அபாயம் குறைவு. ஆனால் இன்று இரவு வீட்டில் யாராவது ஒரு தகர டப்பாவைத் திறக்கப் போகும்போது, "அத்த கொஞ்சம் குடு" என்று உங்கள் கை நீண்டால், அடுப்பில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வருடம் ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து. மறந்திருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

எல்லப்பனின் அடுத்த பாடு பொங்கல் கழித்து வருகிறது. சிவசங்கருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, அவன்தான் போகிறான். மாமா கரையில் இருக்க வேண்டும் என்பது இருசம்மாளின் உத்தரவு. மாசிலாமணி மட்டும், ஜெகதீஸ்வரன் வருவதாக இருந்தால் டீசல் கேனைத் தானே எடுத்து வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.