சுவேதாவுக்குத் தன்னம்பிக்கை ஊட்டப் போன கதை

அயனம்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

என் மனைவியின் உடன்பிறப்பும் எங்கள் மகள் சுவேதாவின் தாய்மாமனுமாகிய டில்லிபாபுவுக்கு, உன் மாமா உலகநாதன் எழுதுவது. ஓசூரில் நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே பொய் சொல்ல மனம் வரவில்லை. போனில் பேசினால் உன் அக்கா முனியம்மா காதில் விழும், வாட்சப்பில் அனுப்பினால் சுவேதா படித்துவிடுவாள். அதனால்தான் தபால்.

சுவேதாவுக்குக் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அன்றிலிருந்து பெண் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை, ஹாஸ்டலுக்குப் பெட்டி வாங்கக் கூப்பிட்டாலும் வரவில்லை. புது ஊரை நினைத்துப் பயந்துவிட்டாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, முகப்பேரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கல்லூரி சேரப்போகிற பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை முகாம் என்று கேள்விப்பட்டு, "வேணாம் நைனா" என்றவளை என் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அங்கே சண்முகசுந்தரம் என்ற பயிற்சியாளர், மேடைக்கு வந்து பேச யார் தயார் என்று கேட்டார். நான் சுவேதாவின் கையைப் பிடித்துத் தூக்கினேன். அவள் உதறினாள். மேலே நின்றது என் கை மட்டும். "அப்பாவே வர்றாரு, கைதட்டுங்க!" என்றார் அவர்.

மைக்கைப் பிடித்ததும் என் பெயரே மறந்துபோயிற்று. மூச்சு மட்டும் வந்தது. அது மண்டபம் முழுக்கப் புயல் மாதிரிக் கேட்டது. முன்வரிசையில் ஒரு அம்மாள், "ஐயோ, நெஞ்சு வலி போல கீதே!" என்று கத்த, ஒருவர் சோடாவுக்கு ஓட, இன்னொருவர் எதற்கென்று தெரியவில்லை, என் செருப்பைக் கழற்ற, சுவேதா மேடையேறி வந்தாள். என்னை உட்காரவைத்து, நாடி பிடித்துப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, பயந்துகினாரு" என்று சபைக்கு அறிவித்தாள். அதோடு விட்டாளா? மைக்கை வாங்கிப் பேசவே ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு வெளியூர்னா பயம் இல்ல. காலேஜுக்குக் கட்ட எங்க நைனா ஆட்டோவ வித்துருவாரோன்னுதான் பயம். அவரு உக்காந்துகினு யோசிக்கிறதப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல. சீட்டே வேணாம்னு சொல்லிடலாம்னு கீறேன்."

டில்லி, அப்போதுதான் எனக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது.

முகாம் முடிந்ததும் சண்முகசுந்தரம் எங்களை உட்காரவைத்து, எந்தெந்த உதவித்தொகை கிடைக்கும், எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். ஆட்டோ தப்பித்தது. வீட்டுக்கு வந்து பெண் தோசைமேல் தோசை கேட்டுச் சாப்பிட்டாள்.

இங்கேதான் உன் உதவி வேண்டும். இவ்வளவு தைரியமான பெண்ணை எப்படி அனுப்புவது? வீட்டில் தைரியசாலி அவள் ஒருத்திதான். ஏரிப் பக்கமிருந்து பாம்பு வந்தால் துடைப்பத்தை எடுப்பது அவள். நானும் உன் அக்காவும் கட்டில்மேல் நிற்போம். நீ தாய்மாமன். "கோயம்புத்தூர் வேண்டாம், ஆவடிப் பக்கமே படி" என்று கண்டிப்பாகச் சொல். நான் சொன்னதாக மட்டும் சொல்லாதே.

உன் மனைவி மைதிலியை விசாரித்ததாகச் சொல். உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, பக்கத்திலேயே படித்து, நீண்ட நாள் வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உலகநாதன்

பி.கு. (திங்கட்கிழமை): சுவேதாவுக்குப் போன் செய்யாதே. இதை உன் அக்கா படித்துவிட்டாள். "ஒனக்குத் தொணை வேணும்னா ஒரு நாய் வளத்துக்கலாம்யா. பொண்ணு போய்ப் படிக்கட்டும்" என்றாள். எழுதியது வீணாக வேண்டாமென்று அனுப்புகிறேன். தபால்தலை வாங்கப் போனவன் அப்படியே ரயில் நிலையம் போய்க் கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். போக இரண்டு பேர். "திரும்பி வர ஒருத்தர்தானா?" என்று கவுன்டரில் இருந்த பெண் இரண்டு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். இரண்டாவது தடவை குரல் கொஞ்சம் சரியாக வந்தது.