எல்லோருக்கும் தலைவலி

லுகாயா,
வியாழக்கிழமை, மழை விட்ட பிறகு.

என் அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்த மதிப்பிற்குரிய அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் நகிட்டோ மண்டியிட்டு எழுதுவது. மரியாதைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே மண்டியிட்டுத்தான் எழுதுகிறேன். தாள் மருந்துப் பெட்டியின் மேல் இருக்கிறது, பெட்டி தாழ்வாக இருக்கிறது. நியென்டோவில் நீங்களும் உங்கள் தையல் மிஷினும் சுகம்தானே? இங்கே அப்பா சுகம், அம்மா சுகம், தம்பிக்கு முன்பல் விழுந்துவிட்டது, பசு சுகம். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. அதை எழுத மூன்று முறை பேனாவை எடுத்தேன், முடியவில்லை.

அத்தை, உங்கள் கல்யாணப் பேச்சு என்னால்தான் நின்றது. நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, அப்படியும் என்னால்தான் நின்றது. அது எப்படி என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட மாதத்தில் நீங்கள்தான் என்னை இந்த மருந்துக்கடைக்குக் கூட்டிவந்தீர்கள். நன்னோசி அம்மாவிடம், "இவ வாயத் தொறந்து நானே பாத்ததில்ல டாக்டரம்மா, உங்க கடைக்கு இவதான் சரி" என்று சொன்னீர்கள். அவர் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். ஊர்தான் டாக்டர் என்கிறது. அவர் தினமும் இரண்டு பேரிடமாவது "நான் டாக்டர் இல்லம்மா, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார், அவர்களும் "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். முதல் நாளே என்னை கவுண்டருக்குப் பின்னால் நிறுத்தி, "நகிட்டோ, இங்க காதுல விழுந்தது இந்தப் பலகையத் தாண்டி அந்தப் பக்கம் போகக் கூடாது. யாரு வந்தா, என்ன வாங்குனா, எதுக்கு வாங்குனா, எதுவுமே. உங்க அப்பா கேட்டாலும் சரி, பாதிரியார் கேட்டாலும் சரி" என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு அது சுலபமான வேலை என்று தோன்றியது. பேசுவதுதானே எனக்குக் கஷ்டம், பேசாமல் இருப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

வேறு கஷ்டங்கள் இருந்தன. பெரியவர்கள் வந்தால் மண்டியிட்டு விசாரிக்க வேண்டும் என்றுதானே நம் வீட்டில் வளர்த்தீர்கள்? இந்த கவுண்டர் என் நெஞ்சு உயரம். மண்டியிட்டால் நான் காணாமல் போய்விடுகிறேன். "வாங்கய்யா, ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா" என்று குரல் மட்டும் கீழேயிருந்து வரும். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நன்னோசி அம்மா, "மரியாதைய மனசுல வச்சுக்க, முட்டிய நிமித்திக்க. நீ கீழ போயிட்டா யாருக்கு எந்த மருந்து குடுக்குறேன்னு எப்படிம்மா பாப்ப?" என்றார். அன்றிலிருந்து நிற்கிறேன். நிற்கும்போதெல்லாம் ஏதோ தப்புச் செய்வதுபோல இருக்கிறது, அது வேறு கதை.

என் தப்பு சனிக்கிழமைகளில் ஆரம்பித்தது. நீங்கள் துணி வாங்க வருவீர்கள், சுட்ட வாழைப்பழம் வாங்கிக் கொடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பீர்கள். "வாத்தியார் எதுக்குடி வந்தாரு?" என்று கேட்டீர்கள். சொல்லவும் கூடாது, அத்தை கேட்டு பதில் சொல்லாமல் இருக்கவும் கூடாது. "தலைவலி, அத்தை" என்றேன். "சர்ச்சுல பாடுறாளே, அவ?" "தலைவலி." "கைக்கொழந்தையோட ஒருத்தி நின்னாளே நேத்து?" "கொழந்தைக்குத் தலைவலி." நீங்கள் சிரித்துப் புரையேறி, "இந்த ஊருல கழுத்துக்குக் கீழ ஒருத்தருக்கும் ஒண்ணும் வராதா?" என்று கேட்டீர்கள். நானும் சிரித்தேன். ரகசியம் காப்பாற்றுவதில் நான் கெட்டிக்காரி என்று அன்று எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது சோறு இறங்குவதில்லை.

அப்புறம்தான் கிபிராங்கோ ஐயா உங்கள் வாழ்க்கையில் வந்தார். மாமா இறந்து ஒன்பது வருஷம் தனியாக இருந்தீர்கள். அண்ணன் தம்பி பெண்கள் பதினொரு பேரை நீங்களே கைப்பிடித்துக் கூட்டிவந்து மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உட்கார வைத்தீர்கள், ஒவ்வொரு மாப்பிள்ளையைப் பற்றியும் அவன் தாத்தா எதனால் செத்தார் என்பதுவரை விசாரித்தீர்கள். உங்களுக்கென்று விசாரிக்க அத்தை யாரும் உயிரோடு இல்லை. அவர் பஸ் நிற்கும் இடத்தில் இறைச்சி சுட்டு விற்கிறவர், மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசாதவர். அவர் நம் வீட்டுக்கு வந்து முறைப்படி அறிமுகமாகும் நாளும் குறித்தாகிவிட்டது, பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, நீங்கள் அன்றைக்கு உடுத்தப் பச்சைப் பட்டில் கோமேசி அங்கி தைக்க ஆரம்பித்துவிட்டீர்கள். அந்தச் சனிக்கிழமை என் கையில் வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு, "அவரு உங்க கடைக்கு வர்றதப் பாத்தேன்டி. எதுக்கு வர்றாரு?" என்று கேட்டீர்கள்.

தலைவலி என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் ஊரைப் பற்றிப் பொய் சொன்னது வேறு, நீங்கள் கட்டிக்கொள்ளப் போகிறவரைப் பற்றி உங்களிடமே பொய் சொல்வது வேறு என்று பட்டது. உண்மையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால் எதுவும் சொல்லாமல் என் செருப்பைப் பார்த்தேன். நீங்கள் குனிந்து என் முகத்தைப் பார்த்து, "எல்லாருக்கும் தலைவலின்னு சொன்னவ, அவருக்கு மட்டும் ஏன்டி வாய மூடிக்கிட்ட?" என்றீர்கள். அத்தை, அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. ஊருக்கெல்லாம் ஒரு பதில் சொல்லிவிட்டு ஒருத்தருக்கு மட்டும் மௌனமாக இருந்தால், அந்த மௌனமே பெரிய சத்தம்.

அதோடு விட்டீர்களா? "சர்க்கரையா? பிரஷரா? வலிப்பா?" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி என் முகத்தைப் பார்த்தீர்கள். முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூக்கு அரித்தது. கண்ணில் பழம் சுடுகிற அடுப்புப் புகை. நீங்கள் "காசநோயா?" என்று கேட்ட நேரம் பார்த்து மசாக்கா பஸ்காரன் பின்னால் வந்து ஹாரன் அடித்தான். நான் துள்ளிவிட்டேன். பழம் மண்ணில் விழுந்தது. நீங்கள் "ஐயோ"வென்று எழுந்து போனீர்கள். நான் "பஸ்ஸு, அத்தை, பஸ்ஸு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மறுநாளே அப்பாவிடம் அறிமுகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை என்கிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும்தான் சொன்னீர்கள் என்கிறீர்கள். புதன்கிழமைக்குள் அது லுகாயாவுக்கு வந்துவிட்டது. இறைச்சி விற்கிறவருக்குக் காசநோய் என்றால் என்ன ஆகும், அத்தை? பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியாது, அவர்கள் வாங்குகிறார்கள். உள்ளூர்க்காரர் ஒருவரும் அவர் அடுப்புப் பக்கம் போவதில்லை. தினமும் அங்கேயே சாப்பிடும், வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற போடா வண்டிக்காரர்கள் எல்லோரும் எதிர்க்கடைக்கு மாறிவிட்டார்கள். அவர் சாயங்காலம் விற்காத இறைச்சியை நாய்களுக்குப் போடுவதை நான் இங்கிருந்து பார்த்தேன்.

பொறுக்க முடியாமல்தான் அடுத்த தப்பையும் செய்தேன். போடா ஓட்டுகிற வசுவா வயிற்றுவலிக்கு மருந்து வாங்க வந்து (பார்த்தீர்களா, இதையும் எழுதியிருக்கக் கூடாது), "கிபிராங்கோவுக்கு அந்த இருமல் நோய்தானாமே, தங்கச்சி?" என்றான். என் வாழ்நாளில் ஒரு ஆண்பிள்ளையிடம் நானாகச் சொன்ன முதல் முழு வாக்கியம் அன்றுதான் வந்தது. "அவருக்கு அதெல்லாம் இல்ல" என்றேன். அவன் கண்ணைச் சிமிட்டி, "அது இல்லையா? அப்ப எது?" என்றான். அன்று மத்தியானம் ஏழு வண்டிக்காரர்கள் கடைக்கு முன்னால் நின்று, ஆளுக்கு ஒரு நோயின் பெயரைச் சொல்லி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மாட்டுக்கு வரும் நோயைக்கூடச் சொன்னான். நான் அலமாரிப் பக்கம் திரும்பி நின்று பஞ்சுப் பொட்டலங்களை எண்ணினேன். "திரும்பி நிக்குறா பாருடா, அதான்டா!" என்று ஒருவன் கத்தினான்.

நன்னோசி அம்மா சாப்பிட்டுவிட்டு வந்து அவர்களைக் கலைத்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்த பஞ்சுப் பொட்டலத்தை வாங்கி அலமாரியில் வைத்தார். பிறகு, "ஒண்ணு இல்லைன்னு நீ சொன்னா, மிச்சம் இருக்குறதுல ஒண்ணு இருக்குன்னு ஆயிடும்மா. ஆமான்னும் சொல்லக் கூடாது, இல்லைன்னும் சொல்லக் கூடாது. கடையில நடக்குறத நான் சொல்றதில்லன்னு சொல்லிடு. பஞ்சு வாங்குனவனப் பத்திக் கேட்டாலும் அதே பதில், பாதிரியாரே கேட்டாலும் அதே பதில்" என்றார். அப்புறம் சொன்னதுதான் எனக்கு வலித்தது. "தப்பு எம்மேல. கூச்சப்படுற பொண்ணு ரகசியம் காப்பான்னு நெனச்சேன். ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது."

இப்போது தினமும் கடையைத் திறந்ததும் குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று, "கடையில நடக்குறத நான் சொல்றதில்ல" என்று இருபது முறை சத்தமாகச் சொல்லிப் பழகுகிறேன். இதை முதல் சனிக்கிழமையே உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் கோபித்துக்கொண்டு பழத்தை நீங்களே சாப்பிட்டிருப்பீர்கள், அவ்வளவுதான். உங்கள் பச்சைக் கோமேசி பாதியில் நின்றிருக்காது.

அதனால் அத்தை, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கிபிராங்கோ ஐயா என்ன வாங்குகிறார் என்று என்னிடம் கேட்காதீர்கள், ஊரிடமும் கேட்காதீர்கள், நேராக அவரிடமே போய்க் கேளுங்கள். நான் துள்ளியது பஸ்ஸுக்குத்தான். அதற்கு மேல் ஒரு சொல்லும் எழுத மாட்டேன். உங்களை இப்படி ஆக்கியதற்கு என்னை மன்னியுங்கள்.

உங்கள் ஊசி ஒடியாமல் இருக்கட்டும், கூரை ஒழுகாமல் இருக்கட்டும், கோழிகள் பெருகட்டும். பக்கத்து வீட்டுக்காரிக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், வேறு எதுவும் சொல்லாதீர்கள்.

உங்கள் பிள்ளை,
நகிட்டோ

பின்குறிப்பு: அத்தை, இந்தக் கடிதம் உங்களுக்கு வராது. உறை கேட்கப் போனேன். நன்னோசி அம்மா கடிதத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை, "அது உன் கடுதாசி" என்று சொல்லிவிட்டு, "அதுல அவரு பேரு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப போகக் கூடாது. அவரு நம்ம கடைக்கு வர்றாருங்குறதே அவரோட விஷயம்." "பேர அடிச்சுட்டா, அம்மா?" "உங்க அத்தையக் கட்டிக்க எத்தன பேரும்மா வரிசையில நிக்குறாங்க?" என்றார். அதனால் மேலே நான் கேட்ட மன்னிப்பு எல்லாம் நான் கேட்காதது மாதிரிதான். அனுப்பப் போவதில்லை என்பதால் மீதியையும் பயமில்லாமல் எழுதுகிறேன். நாம் கெடுத்ததை முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று நன்னோசி அம்மா ஆள் அனுப்பி அவரை வரச் சொன்னார், தானும் என் பக்கத்தில் நின்றார். என் முகத்தால் வந்த வினை என்று நான்தான் சொன்னேன், நின்றுகொண்டு, அவர் முகத்தைப் பார்த்து. கிபிராங்கோ ஐயா என்னைத் திட்டவில்லை. "நோயப் பத்தி உங்க அத்த கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன், பாப்பா. மூணு மாசம் என் கையால வாங்கிச் சாப்பிட்டா. எங்கிட்டக் கேக்கல, உங்கிட்டக் கேட்டா. அதத்தான் என்ன செய்யுறதுன்னு தெரியல" என்றார். பிறகு வெளியே போய் ரோட்டோரம் நின்று ஒரு வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறினார். அது நியென்டோ பக்கம் போகிற வண்டியா, எதிர்ப்பக்கம் போகிறதா என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் அதைப் பார்த்தது கவுண்டருக்குப் பின்னால் நின்று, அத்தை.